பழைய படகு இன்ஜினில் சூடும் கூலன்ட் கசிவும்: எங்கிருந்து தேடத் தொடங்குவது

பழைய படகு வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வரும் தலைவலி இன்ஜின் சூடேறுவதுதான். யாரைக் கேட்டாலும் 'தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வு) மாத்திப் பாருங்க' என்பார்கள். மாற்றுவோம், சூடு குறையாது. அடுத்து பம்பு, அதற்கடுத்து ரேடியேட்டர் மூடி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: குறைவது எந்தத் தண்ணீர்?

இந்தக் கட்டுரை படகின் உள்ளே பொருத்திய இன்ஜின்களுக்கானது. பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் குளிர்விப்பு வேறு விதம், அதை இங்கே தொடவில்லை.

இரண்டு தண்ணீர், இரண்டு பாதை

படகு இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு தண்ணீர்ப் பாதைகள் இருக்கும். ஒன்று வெளிநீர். படகின் அடியிலுள்ள வால்வு வழியாகக் கடல்நீரோ ஆற்றுநீரோ உள்ளே வந்து, ஸ்ட்ரெய்னரில் குப்பை வடிகட்டப்பட்டு, ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் உள்ள சுழலி) கொண்ட பம்பால் தள்ளப்பட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்கள் ஊடே ஓடி, கடைசியில் புகையோடு கலந்து பின்பக்கமாக வெளியே கொட்டும். மற்றொன்று கூலன்ட், அதாவது உள்ளேயே சுற்றும் குளிர்விப்புத் திரவம். இது இன்ஜினின் உடலான பிளாக்கையும் அதன் மேல்மூடியான ஹெட்டையும் சுற்றி ஓடி, அங்கே வாங்கிய சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெளிநீரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் இன்ஜினுக்கே வரும். இந்த இரண்டு தண்ணீரும் எங்கேயும் ஒன்று சேரக் கூடாது. சேர்ந்தால் அதுவே ஒரு கோளாறு.

மிகப் பழைய இன்ஜின்கள் சிலவற்றில் கூலன்டே கிடையாது, கடல்நீர் நேராக பிளாக்குக்குள் ஓடும். உங்கள் இன்ஜினில் கூலன்ட் ஊற்ற ஒரு தொட்டியும் மூடியும் இல்லையென்றால் இந்த வகைதான். அதில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 55 முதல் 60 டிகிரிக்குள் திறந்துவிடும், ஏனென்றால் சூடு அதற்கு மேல் போகப்போக உப்பும் சுண்ணாம்பும் பிளாக்கின் உட்சுவரில் படியத் தொடங்கும். கூலன்ட் ஓடும் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் 70 முதல் 82 டிகிரிக்குள் திறப்பது வழக்கம். உங்கள் இன்ஜினின் சரியான எண்ணை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டிகிரி ஓர் இன்ஜினுக்கு இயல்பு, இன்னொன்றுக்கு ஆபத்து.

முள் ஏறும் அந்த நேரத்தில்

மீட்டர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின்னால் புகைக்குழாயை எட்டிப் பாருங்கள். தண்ணீர் நன்றாகக் கொட்டினால் மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் ஓடவிடலாம். திடீரென்று நிறுத்துவதைவிட அப்படிச் சீராக ஆறுவது இன்ஜினுக்கு நல்லது. தண்ணீர் வரவில்லை, அல்லது வெறும் ஆவிதான் வருகிறது என்றால் உடனே நிறுத்த வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் இம்பெல்லர் சீக்கிரமே பொசுங்கும், அதன் பின் ரப்பர் புகை ஹோஸ் கருகும். கூலன்ட் பீய்ச்சியடிக்கிறது, ஆயில் அழுத்த விளக்கு எரிகிறது என்றாலும் அப்படியே நிறுத்துங்கள். பக்கத்தில் கரையோ பாறையோ இருந்தால் நங்கூரத்தை முதலில் போடுங்கள், இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதவை இரண்டு. கூலன்ட் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். தொட்டியைக் கையால் தொட்டுப் பொறுக்கும் அளவு ஆறிய பிறகுதான் மூடி. இரண்டாவது, சூடான இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம்.

புதியவர்களுக்குப் பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றிக்கொண்டே இருந்தால், வெளிநீர் பம்பு ஒவ்வொரு சுழற்சிக்கும் தண்ணீரைப் புகைப் பெட்டிக்குள் தள்ளும். இன்ஜின் ஓடாததால் அதை வெளியே தள்ளப் புகை அழுத்தம் இருக்காது. தண்ணீர் நிரம்பி, பின்வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். அப்படி நடந்தால் சூடேறியது சின்ன விஷயமாகிவிடும். ஆகவே இரண்டு மூன்று முயற்சிக்குள் பிடிக்கவில்லை என்றால் வெளிநீர் வால்வை மூடிவிட்டுச் சுழற்றுங்கள். பிடித்ததும் உடனே திறந்துவிட மறக்காதீர்கள்.

மீட்டரை நம்பலாமா

பழைய படகுகளில் மின்கம்பிகள் உப்புக்காற்றில் அரித்துப் போயிருக்கும். சாவியைத் திருப்பிய உடனேயே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முள் சிவப்பில் போய் நின்றால் கோளாறு கம்பியில்தான். பெரும்பாலான மீட்டர்களில் சென்சார் கம்பி உலோகத்தில் உரசினால் முள் உச்சிக்குப் போகும், கம்பி அறுந்தால் கீழேயே கிடக்கும். துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டிலும், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் அளந்து பாருங்கள். பளபளக்கும் உலோகத்தின் மீது அது குறைவாகக் காட்டும் என்பதால், அளக்கும் இடங்களில் கருப்பு டேப் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

இன்ஜின் நலமாக இருக்கும் நாளிலேயே இந்த எண்களை எடுத்து எழுதி வைத்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரச்சினை வந்த பிறகு அளந்தால் எதனோடு ஒப்பிடுவது?

எப்போது சூடேறுகிறது

கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறுகிறதென்றால் வால்வு மூடியிருக்கலாம், இம்பெல்லர் போயிருக்கலாம், கூலன்ட் மிகக் குறைவாக இருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டினால் மட்டும் ஏறுகிறதென்றால் எங்கோ பாதி அடைப்பு. ஸ்ட்ரெய்னர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், புகைக்குழாயின் வளைவு இவற்றில் ஒன்றாக இருக்கும். படகின் அடியிலும் புரொப்பல்லரிலும் பாசியும் சிப்பியும் அப்பியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். இன்ஜின் அளவுக்கு மீறி இழுக்க வேண்டியிருப்பதால் சூடு கூடும், குளிர்விப்பில் எந்தக் குறையும் இருக்காது. இதை யோசிக்காமலே இன்ஜினைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய.

மணிக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் ஏறினால் கூலன்ட் மெல்லக் குறைகிறதா என்று பாருங்கள். ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக் பை ஏதாவது வெளிநீர் வாயில் ஒட்டி ஒட்டி விலகிக்கொண்டிருக்கலாம்.

வெளிநீர்ப் பாதையைத் தொடர்ந்து போவது

சூட்டுக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்தப் பாதையில்தான் கிடைக்கும். ஆகையால் எப்போதும் இங்கிருந்தே தொடங்குங்கள், தண்ணீர் நுழையும் முனையிலிருந்து வெளியேறும் முனை வரை வரிசையாக, எதையும் தாண்டாமல்.

முதலில் வால்வு. கைப்பிடி திறந்த நிலையில் இருந்தாலும் உள்ளே சிப்பி அடைத்திருக்கலாம். வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, ஒரு கணம் திறந்து பாருங்கள். தண்ணீர் பலமாகப் பொங்க வேண்டும். இதைச் செய்யும்போது வால்வின் வாய்க்குப் பொருந்தும் மரக்கட்டை அடைப்பான் கையில் இருக்க வேண்டும். பழைய வால்வு திரும்ப மூட மறுத்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். வால்வு ஏற்கெனவே இறுகியோ பச்சை பூத்தோ இருந்தால் படகைக் கரையேற்றிய பிறகே தொடுங்கள்.

அடுத்து ஸ்ட்ரெய்னர். கூடையைக் கழுவுவது எல்லோருக்கும் தெரியும். மூடியின் ரப்பர் வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. ஸ்ட்ரெய்னர் பம்பு உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், அந்த வளையம் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பம்பு காற்றும் நீருமாக இழுத்துக்கொண்டிருக்கும், உங்கள் கண்ணுக்கு எந்தக் கசிவும் தெரியாது. மூடி கண்ணாடி போன்றதாக இருந்தால் இன்ஜின் ஓடும்போது குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கம்பிச் சுருள் உள்ளதாக இருக்க வேண்டும், சாதா ஹோஸ் போட்டிருந்தால் வேகம் கூடும்போது சப்பிப்போய் வழியை அடைக்கும்.

இனி இம்பெல்லர். வால்வை மூடி, பம்பின் முகத்தகட்டைக் கழற்றி, இம்பெல்லரை நேராக இழுத்து எடுங்கள். இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்பின் விளிம்பில் கீறல் விழும், இடுக்கியால் பிடித்து இழுப்பது மேல். இதழ்களை வளைத்து, அடிப்பகுதியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமாகவே வளைந்து நிமிராமல் நின்றாலும் மாற்ற வேண்டியதுதான். பார்க்க நன்றாக இருக்கும் இம்பெல்லரிலும் நடுவிலுள்ள உலோகப் பூண் ரப்பரிலிருந்து விட்டுப்போயிருக்கும். அச்சு சுற்றும், ரப்பர் நின்ற இடத்திலேயே நிற்கும். பூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கும்வரை வேலை முடியவில்லை. அது தண்ணீர் போன வழியேதான் போயிருக்கும். பம்புக்கு அடுத்த வளைவு, ஆயில் கூலர் இருந்தால் அதன் வாய், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முகப்பு ஆகிய இடங்களில் சிக்கியிருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாத படகுகளில் முந்தைய இம்பெல்லரின் துண்டுகள்தான் பல நேரம் வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

முகத்தகட்டின் உட்பக்கத்தில் ஆழமான வட்டத் தேய்மானம் இருந்தால் தண்ணீர் அந்த இடைவெளியில் நழுவிவிடும். தகட்டைப் புதிதாக மாற்றலாம், சிலவற்றில் புரட்டியும் போடலாம். புது இம்பெல்லரைப் பொருத்தும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவுங்கள். சாதா கிரீஸ் சில ரப்பர்களை ஊத வைக்கும். வருடத்துக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவாக இருந்தாலும், இம்பெல்லரை மாற்றிவிடுவது என் பழக்கம். கழற்றியது நன்றாக இருந்தால் அதைப் படகிலேயே அவசரத்துக்கு வைத்திருப்பேன்.

பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் பலர் எதையாவது வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்த துளை. அடைத்தால் உப்புநீர் பேரிங்குக்கும், சில இன்ஜின்களில் இன்ஜின் ஆயிலுக்கும் போகும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பென்சில் போன்ற துத்தநாகக் கட்டை திருகியிருக்கும். அரிப்பைத் தன் மீது வாங்கிக்கொண்டு செம்புக் குழாய்களைக் காப்பதே அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். கரைந்து உடைந்த துண்டுகள் உள்ளேயே கிடந்து குழாய்களை அடைக்கும் என்பதால், இருமுனை மூடிகளையும் கழற்றிப் பாருங்கள். மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொரு குழாயையும் மெல்லக் குத்தி எடுக்கலாம். உப்புப் படிவு கெட்டியாக இருந்தால் மென்மையான அமிலக் கரைசல் உதவும். கூடு அலுமினியமாக இருந்தால் குழாய்த் தொகுப்பை வெளியே எடுத்துத் தனியாகத்தான் ஊறவைக்க வேண்டும், அலுமினியத்தை அமிலம் தின்றுவிடும்.

கடைசி இடம், தண்ணீரும் புகையும் கலக்கும் வளைவு. உப்பும் கரியும் சேர்ந்து இதைச் சில ஆண்டுகளில் உள்ளிருந்தே அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கே அடைப்பு இருந்தால் சூட்டோடு சேர்ந்து இன்ஜினின் இழுவையும் குறையும், கரும்புகையும் வரும். கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். சுவர் மெலிந்துபோயிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதில் பயனில்லை.

கூலன்ட் பக்கம்

வெளிநீர் தாராளமாக ஓடுகிறது, இன்னும் சூடு குறையவில்லை என்றால் மட்டுமே இந்தப் பக்கம் வாருங்கள்.

கூலன்டைச் சுற்றவிடும் பம்பின் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் வழுக்குகிறது. சுற்றிலும் கரும்பொடி படிந்திருப்பது அதற்குச் சாட்சி.

தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் சோதிக்கலாம். பாத்திரத்தின் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, இன்னும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் கூலன்ட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றும், சூடு இன்னும் கூடும்.

கூலன்ட் தொட்டியின் அழுத்த மூடியும் முக்கியம். அரை பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் அந்தப் பாதுகாப்பு போய், கூலன்ட் சீக்கிரம் கொதித்து வழியும். மலிவான பாகம், சந்தேகம் வந்தாலே மாற்றலாம். ஆனால் அதே அழுத்த எண்ணுள்ளதையே போடுங்கள். அழுத்தம் கூடிய மூடியைப் போட்டால் பழைய ஹோஸ்கள் தாங்காது.

கூலன்ட் எங்கே போகிறது

முதலில், உண்மையிலேயே குறைகிறதா என்று உறுதி செய்யுங்கள். தொட்டியைக் கழுத்து வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து கொஞ்சம் வழியத்தான் செய்யும். தனியாக உபரிப் புட்டி இல்லாத இன்ஜின்களில் கழுத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே நிற்கும் மட்டமே சரியான மட்டம். புதியவர்கள் ஒவ்வொரு நாளும் நிரப்பி, ஒவ்வொரு நாளும் கசிவு என்று நினைப்பது இதனால்தான்.

குறைவது உறுதியானால் அது மூன்று இடங்களுக்குத்தான் போக முடியும்: படகின் அடித்தட்டுக்கு, வெளிநீருக்கு, அல்லது சிலிண்டருக்குள்.

அடித்தட்டுக்குப் போனால் கண்டுபிடிப்பது எளிது. இன்ஜினின் அடிப்பகுதியையும் கீழ்த்தட்டையும் துடைத்து, வெள்ளைத் துணியோ தாளோ விரித்து ஓட்டுங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடினால் போதாது. கூலன்ட் ஹோஸின் அடியிலும் இன்ஜின் தாங்கியிலும் ஊர்ந்து வெகுதூரம் போய்த்தான் சொட்டும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு விட்டிருக்கும், அதைப் பின்தொடர்ந்து மேலே போங்கள். ஹோஸ் முனைகள், கிளாம்புகள், சுழற்சிப் பம்பின் அடித்துளை, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு அடைப்பான்கள் ஆகியவை வழக்கமான இடங்கள். குடிநீரைச் சூடாக்கும் தொட்டிக்கு இன்ஜினிலிருந்து ஹோஸ் போகிறதென்றால் அதையும் கடைசி வரை பாருங்கள். அது படுக்கைக்கு அடியில் எங்காவது சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும்.

கையால் அடிக்கும் அழுத்தச் சோதனைப் பம்பு கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். குளிர்ந்த இன்ஜினில் மூடியின் இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள்.

முள் இறங்குகிறது, எங்குமே ஈரமில்லை என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சந்தேகியுங்கள். உள்ளே ஒரு குழாய் ஓட்டையானால், ஓடும்போது கூலன்டின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அது வெளிநீரோடு கலந்து கடலுக்குப் போய்விடும், ஒரு சொட்டுகூடப் படகில் விழாது. இன்ஜின் ஆறிய பிறகு உப்புநீர் திரும்பி உள்ளே வரவும் வாய்ப்புண்டு. வெளிநீரை வடித்து, முனை மூடிகளைக் கழற்றி, கூலன்ட் பக்கத்துக்கு அழுத்தம் கொடுத்தால் எந்தக் குழாயின் வாயில் சொட்டு முளைக்கிறது என்று நேரிலேயே பார்க்கலாம். ஓரிரு குழாயென்றால் இரு முனையையும் அடைத்து ஓட்டலாம். அதற்கு மேல் போனால் மாற்றுவதே வழி.

சிலிண்டருக்குள் போகிறதென்றால் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் கூலன்ட் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் சூட்டால் அழுத்தம் ஏற முடியாது, சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே வருகிறது. தொட்டியில் ஓயாமல் குமிழி வந்தாலும் அப்படியே. இதை உறுதி செய்ய ஒரு நீல நிறத் திரவம் விற்கிறார்கள், எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) ஆயில் பால்போல வெளுத்திருந்தால் இன்ஜினை ஓட்டவே கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த நேரமே ஓடும் இன்ஜின்களில் ஈரம் அப்படிப் படியும்.

வெண்புகையை வைத்து முடிவுக்கு வருவதில் நிதானம் தேவை. வெளியே வந்ததும் கலைந்து மறைவது ஆவி, அது வெளிநீர் குறைவதன் அடையாளம். இனிப்பு வாடையோடு காற்றில் தங்கி நிற்பது கூலன்ட். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் விட்டுப் போனால் அது எரியாத டீசல், குளிர்விப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கசிவை அடைக்கும் பொடிகளும் திரவங்களும் கிடைக்கின்றன. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய வழிகளில் அவை படிந்து, கசிவோடு அடைப்பையும் சேர்த்துத் தரும். கரை சேர வேறு வழியே இல்லாத நேரம் தவிர அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

நிரப்புவதும் ஓட்டிப் பார்ப்பதும்

கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. குழாய்நீரின் சுண்ணாம்பு உள்ளே படியும். நிறத்தைப் பார்த்து கூலன்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. உள்ளே இருப்பது என்ன வகையென்று தெரியாவிட்டால் முழுவதையும் வடித்து, தண்ணீரால் அலசி, புதிதாக ஊற்றுங்கள். வடித்ததை அடித்தட்டிலோ கடலிலோ விடாதீர்கள். பல கூலன்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நஞ்சு. குழந்தைகளும் நாய் பூனைகளும் எட்டாதபடி மூடிய கேனில் வையுங்கள்.

மெதுவாக ஊற்றி, இன்ஜினின் உயரமான இடத்திலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வரும்வரை காத்திருந்து இறுக்குங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கலாம், அப்படியானால் நிறுத்தி, ஆறிய பிறகு மறுபடி நிரப்புங்கள்.

படகைத் துறையில் கட்டிய நிலையில் கியர் போட்டு, கயிறுகள் தாங்கும் அளவுக்கு மெல்ல வேகத்தைக் கூட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். சுமையில்லாத ஓட்டத்தில் பாதி அடைப்புகள் தெரியவே தெரியாது. கருப்பு டேப் ஒட்டிய இடங்களில் திரும்ப அளந்து, தேதியோடு எழுதுங்கள். புகைக்குழாயின் அடியில் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது, அப்போது இன்ஜின் என்ன வேகத்தில் ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பயணம் கரையை ஒட்டியே இருக்கட்டும். திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும் புது ஹோஸ்களின் கிளாம்புகளை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள்.